விளையாட்டில் குறைந்தபட்ச வயது வரம்பு எதற்கு?

பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டிகளில் இத்தனை வயது ஆனால்தான் இறங்கலாம் என்று ஒரு விளையாட்டின் தலைமை அமைப்பு போடும் விதி இது. பனித்தளத்தில் சறுக்கியபடி தாவிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 15 ஆக இருந்த வரம்பைப் படிப்படியாக 17 ஆக்க 2022 ஜூனில் முடிவெடுத்தார்கள்.

ஏன்? உடம்பு இலேசாக இருந்தால் காற்றில் நான்கு சுற்று சுற்றி இறங்குவது சுலபம், அதனால் பருவ வளர்ச்சிக்கு முன்பே பதக்கம் வாங்கிவிட வேண்டும் என்று பிள்ளைகளைச் சாப்பாட்டிலும் பயிற்சியிலும் நெருக்குகிறார்கள். ஆனால் வளரும் எலும்பின் முனை இன்னும் மெத்தென்ற குருத்தெலும்புதான்; கான்கிரீட் இறுகும் முன்னே சென்ட்ரிங்கைப் பிரித்துப் பாரம் ஏற்றுவது போன்ற வேலை அது.

மனசும் அப்படித்தான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்ய ஸ்கேட்டிங் வீராங்கனை கமிலா வலியேவா, ஊக்கமருந்து சர்ச்சைக்கு நடுவே பனித்தளத்தில் திரும்பத் திரும்ப விழுந்தார். வெளியே வந்ததும் பயிற்சியாளர் ஏன் போராடாமல் விட்டாய் என்றுதான் கேட்டார், அதுவும் கேமரா முன்னால். அந்த வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

அப்புறம், இந்த வரம்பு சின்னப் பிள்ளைகள் போட்டியிடுவதையே தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 13 வயதிலிருந்தே சர்வதேச ஜூனியர் போட்டிகளில் ஆடலாம்.