வீட்டிலும் வேலையிடத்திலும் மழைநீர் வடிகாலில் அழுக்கு சேராமல் இருக்க என்ன செய்யலாம்?

கட்டடப் பராமரிப்பு வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நான் முதலில் சொல்வது இதுதான்: ஹோஸ் பைப்பை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுங்கள்.

கழிவறை, சமையலறைத் தண்ணீர் போகும் குழாய் வேறு, தெருவோரக் கம்பி மூடிக்குள் இறங்கும் மழைநீர் வடிகால் வேறு. வடிகாலில் விழுவது பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோ கடலுக்கோ போய்விடும். சில பழைய நகரங்களில் இரண்டுக்கும் ஒரே குழாய். அங்கே கனமழையில் குழாய் நிரம்பி, கழிவுநீரும் சேர்ந்தே ஆற்றில் கொட்டும்.

ஒருமுறை சரக்கு இறக்கும் இடத்தில் ஆயில் டின் ஒன்று கவிழ்ந்தது. அவசரத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டேன். தரை பளிச்சென்று ஆகிவிட்டது. மனசு கேட்காமல், பின்பக்க ஓடையில் வடிகால் வந்து விழும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். நீர்மேல் ஊதாவும் பச்சையுமாக எண்ணெய்ப் படலம். தினமும் அங்கே நீர்ப்பரப்பில் வழுக்கி ஓடும் பூச்சிகள், ஓரப் புல்லில் ஒட்டிக் கிடந்தன. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அந்த இடத்தில் எப்போதும் ஒரு வாளி மரத்தூள் இருக்கும். எது சிந்தினாலும் முதலில் வடிகால் வாயை அடைப்போம். அப்புறம் மரத்தூளைக் கொட்டி, ஊறியதும் பெருக்கி அள்ளி, ஆபத்தான கழிவோடு சேர்த்துவிடுவோம். தண்ணீரே தேவையில்லை. குப்பைத்தொட்டிக்கு மூடி கட்டாயம். சிமெண்ட் கலந்த சட்டியையும் கரண்டியையும் வடிகால் பக்கம் கழுவவே கூடாது. அந்தத் தண்ணீரின் காரத்தன்மை மீனைக் கொல்லும்.

வீட்டில் என்றால், வாகனத்தைப் புல்தரையிலோ சரளைக் கல் மேலோ நிறுத்திக் கழுவுங்கள், மண் வடிகட்டும். 'மக்கும் சோப்பு' என்று எழுதியிருப்பதை நம்பி வடிகாலில் விடாதீர்கள். மக்குவதற்கு நாள் பிடிக்கும், அதற்குள் அது மீனின் செவுளைப் பாதித்துவிடும். மழை வரும்போல இருந்தால் உரம் போடாதீர்கள். அது கரைந்துபோய்க் குளத்தில் பாசியாக மண்டும், அந்தப் பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். நாயின் கழிவை அள்ளிவிடுங்கள். தண்ணீரில் கரையும் பெயிண்ட் என்றால் பிரஷ்ஷை வீட்டுக்குள் சிங்க்கில் கழுவலாம்; தின்னரை எங்கேயுமே ஊற்றக் கூடாது.

பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான் அழுக்கை மொத்தமாக வாரிக்கொண்டு போகும். அதற்கு முன்பே வாசலையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் பெருக்கிவிடுங்கள்.

இன்னொன்று, மழையே இல்லாத நாளில் வடிகாலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நுரையோ நாற்றமோ வந்தால், ஏதோ ஒரு குழாயைத் தவறாக இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். தரை துடைத்த தண்ணீரை ஊற்றும் தொட்டியின் குழாய் எங்கள் கட்டடத்தில் வடிகாலுக்குள் போனதை இப்படித்தான் கண்டுபிடித்தோம். மாற்றி இணைக்க ஒரே நாள்தான் ஆனது.