வாசகர் கேள்வி: வீட்டில் வென்டிலேட்டர்

கேள்வி: மகளுக்கு 4 வயது. எஸ்.எம்.ஏ. தசைநோயால் டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவது) செய்து, வீட்டிலேயே வென்டிலேட்டர் வைத்திருக்கிறோம். விடியற்காலையில் ‘ஹை பிரஷர்’ அலாரம் அடிக்கிறது. சக்‌ஷன் போட்டாலும் சளி வருவதில்லை. மெஷின் பழுதா?
– வாசகி, ஈரோடு

பதில்: அலாரம் அடித்ததும் திரையை அல்ல, குழந்தையைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காரணம் தேட நேரமில்லை. மெஷினைக் கழற்றி, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை மாட்டி அமுக்குங்கள். பை அமுங்க மறுத்து, சக்‌ஷன் கதீட்டரும் (சளி உறிஞ்சும் மெல்லிய குழல்) இறங்கவில்லையென்றால் கழுத்துக் குழாய் அடைத்துவிட்டது, உடனே மாற்றுங்கள். அதே அளவில் ஒன்று, அரை மி.மீ. சிறியது ஒன்று, இரண்டும் தலைமாட்டிலேயே தொங்கட்டும். பீரோவில் இருந்து பயனில்லை.

குழந்தை நிம்மதியாகத் தூங்க, அலாரம் மட்டும் அடித்தால் என் சந்தேகம் தண்ணீர் மேல்தான். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று, அறை குளிரும் நேரத்தில் மெஷின் குழாய்க்குள்ளேயே நீராகி, தாழ்வான வளைவில் தேங்கும். காது வைத்தால் களகளவென்று கேட்கும். குழந்தை பக்கத்து இணைப்பைக் கழற்றி, ஒரு டப்பாவில் வடித்துவிட்டு உடனே மாட்டுங்கள். குழந்தை பக்கம் சாய்த்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். ஹியூமிடிஃபயருக்குள் திருப்பிவிட்டால் கிருமியும் கூடவே போகும். ஹியூமிடிஃபயர் குழந்தையின் தலைக்குக் கீழ்மட்டத்தில் இருக்கட்டும். ஏ.சி., ஃபேன் காற்று குழாயில் நேராகப் படக் கூடாது.

சளி வரவில்லையே என்று கதீட்டரை ஆழமாக விட்டுத் துழாவாதீர்கள். மூச்சுக்குழாய் புண்ணாகி ரத்தம் கசியும். கழுத்துக் குழாயின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான். உள்விட்டம் 4 மி.மீ. என்றால் 8-ம் நம்பர் கதீட்டர். உள்ளே விட்டு எடுக்க 5 முதல் 10 விநாடிக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று: குழந்தைகளின் கழுத்துக் குழாய் மெல்லியது. கழுத்திலிருந்து அது கழன்று வந்தாலும், அந்தச் சிறிய துளையின் தடையே போதும், மெஷின் ‘லோ பிரஷர்’ என்று கத்தாமல் ஏமாந்துவிடும். ஆகவே தூங்கும்போது ஆக்ஸிமீட்டர் கட்டாயம்.

கேள்வி: கரன்ட் போனால் இன்வெர்ட்டர் மட்டும் போதுமா? மகனுக்கு ஆக்ஸிஜனும் போகிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: போதாது. அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கரன்டை நன்றாகவே குடிக்கும். அதற்கு மாற்றாக நிரப்பிய சிலிண்டர் வையுங்கள். பி-டைப்பில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு நாள் வரும். வென்டிலேட்டரின் சொந்த பேட்டரியை மாதம் ஒருமுறை, பகலில், பக்கத்திலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பழைய பேட்டரி திரையில் காட்டும் நேரம் வரை தாங்காது.

ஹியூமிடிஃபயர் அந்த பேட்டரியில் ஓடாது. கரன்ட் வரும்வரை எச்.எம்.இ. ஃபில்டர் (குழந்தை விடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துத் திருப்பித் தருவது) மாட்டுங்கள். கரன்ட் வந்ததும் அதைக் கழற்ற மறந்து ஹியூமிடிஃபயரைப் போட்டால் ஃபில்டர் ஊறி அடைத்துக்கொள்ளும். மறுபடி ‘ஹை பிரஷர்’ அலாரம்தான்.