தோட்டச் சம்பளப் போராட்டத்தை ஆதரித்து எழுதிய வீரரைக் கழகம் இடைநிறுத்தலாமா?

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் கொழும்புக் கழகத்தில் ஒப்பந்தத்தில் ஆடுகிறார். முகநூல் பதிவுக்காக இடைநிறுத்திவிட்டார்களாம், "பேச்சுரிமை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உரிமை உண்டு. ஆனால் அரசியலமைப்பின் 14(1)(அ) அரசின் கையைத்தான் கட்டுகிறது. 126ஆம் உறுப்புரையின் கீழ் 1 மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே. தனியார் கழகம் என்றால் ஒப்பந்தமே பேசும். 2017இல் லசித் மாலிங்க விளையாட்டுத்துறை அமைச்சரைச் சாடியபோதும், அனுமதியின்றி ஊடகத்திடம் பேசி ஒப்பந்தத்தை மீறினார் என்றே இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தார் குற்றஞ்சாட்டினார்கள். ஓராண்டுத் தடையை 6 மாதம் ஒத்திவைத்து, அடுத்த ஒருநாள் போட்டிக் கட்டணத்தில் பாதியை அபராதமாக்கினார்கள்.

ஆகவே முதலில் ஒப்பந்தத்தில் "நற்பெயருக்குக் களங்கம்" என்ற வாசகத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பதிவின் எந்த வரி கழகத்தைப் பாதித்தது என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கொழுந்து பறிப்பவர்களுக்கு நியாயமான கூலி கேட்பது கழகத்தை இழிவுபடுத்தாது. என் பார்வையில் இது பலவீனமான குற்றச்சாட்டு. கழகச் சீருடையோடு படம் போட்டிருந்தால் மட்டும் வாதம் தளரும்.

கழகம் விளக்கம் கோரி அனுப்பும் கடிதத்துக்குத் தவணைக்குள் பதிவுத்தபாலில் பதில் போகட்டும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அழுத்தம் கொடுத்தாலும் இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம், அதன்பின் பணிநீக்கம் என்று நிரூபிப்பது கடினம். வேலையை விட்டு நீக்கினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அவர் கழகத்தின் ஊழியர் என்று காட்ட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிப் பதிவு இருந்தால் அது வலுவான சான்று.