அம்மாச்சியை எழுதுவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாச்சி போன தை மாதம் காலமானார். இலங்கையில் கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்குபோட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு பாம்பனிலேயே கருவாட்டு வேலை பார்த்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார். வருஷத் திதிக்கு அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகப் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். எழுத உட்கார்ந்தால் "பாசமானவர், எதற்கும் கலங்காதவர்" என்பதைத் தாண்டி வரவில்லை. வந்த வருஷத்தை மாமா ஒன்று சொல்கிறார், பெரியம்மா ஒன்று சொல்கிறார். ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய தாள்கள் இருக்கின்றன. அம்மாச்சியின் தங்கை கூடலூரில் இருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகி, பாம்பன்

அன்புள்ள வாசகிக்கு,

"கலங்காதவர்" என்பதை அடித்துவிடுங்கள். எந்த வேலையை எப்படிச் செய்தார் என்று எழுதினால் மற்றதைப் படிப்பவர்களே புரிந்துகொள்வார்கள்.

முதலில் பெட்டி. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை, பாஸ்போர்ட், சேமலாப நிதித் (பி.எஃப்.) தாள் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். கடற்காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளர் முள்ளும் துருவேறித் தாளைத் தின்றுவிடும். முதலில் அவற்றைக் கழற்றுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் தாளைப் பழுப்பாக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஆல்பத்தில் ஒட்டிப்போன படங்களைப் பிய்க்காமல், நிழலில் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். தனியாக வரும் பாஸ்போர்ட் அளவுப் படங்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் பெரிதாக்கினாலும் முகம் உடையாது.

அட்டையில் இருக்கிறது என்பதற்காக வயதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு வயதைக் குத்துமதிப்பாகப் போடுவது அன்று வழக்கம். மூத்த பிள்ளையின் வயதோடு ஒட்டிப் பாருங்கள். பேரும் அப்படித்தான்: கண்டியில் ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே இன்னொருவர் தமிழில் எழுதும்போது ஆளே மாறிவிடுவார்.

மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடக்கும் வழக்கைத் தீர்க்க ஊரே சில அடையாளங்களை வைத்திருக்கிறது. தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கினோம் என்றால் அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்திய பயணம். ஒப்பந்தம் கையெழுத்தானதே அந்த அக்டோபர் 30-ல்தான். ஆகவே அதன்படி வந்தவர்களுக்குத் தனுஷ்கோடி பொருந்தாது. புயலுக்குப் பின் தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. 'ராமானுஜம்' கப்பல் என்று யாராவது சொன்னால் அது இந்தக் காலம். முகாமுக்குப் பஸ்ஸில் பாலம் தாண்டினோம் என்று யார் சொன்னாலும் பிந்திய பயணம் ஒன்று நினைவில் கலந்துவிட்டது என்று பொருள். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-ல், அதற்குமுன் ரயில் மட்டும்தான். அக்கரையில் 1973–74 பஞ்சம் ஒரு நல்ல எல்லைக்கல். தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த காலம் அது, மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அங்கே இருந்தார்களா, அதற்குள் இங்கே வந்துவிட்டார்களா என்று கேளுங்கள். கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது அதற்கு அடுத்து, 1975-ல்.

இன்னொன்று. புத்தகத்தில் "அகதியாக வந்தார்" என்று எழுதிவிடாதீர்கள். ஊரில் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்கள். 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களின் சட்டநிலை வேறு. உங்கள் அம்மாச்சி இந்தியக் குடியுரிமையோடு வந்த தாயகம் திரும்பியவர். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய லட்சக்கணக்கானவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று 1964-ல் பங்குபோட்டார்கள். மீந்த ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இதில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனதும் உண்டு. உங்கள் குடும்பத்தில் அங்கேயே நின்றுவிட்டவர் யார் என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் முதல் நாள் பதில் வராது.

கூடலூர்ப் பாட்டியிடம் "கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எத்தனை மணிக்குப் போனீர்கள்? கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) யார் பார்த்தது? எத்தனை றாத்தல் (பவுண்டு) கொழுந்து எடுத்தால் முழுப்பேர் (முழுநாள் கூலி), எப்போது அரைப்பேர் (அரைநாள் கூலி) போட்டார்கள்? லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசைவீட்டு அறை) எத்தனை பேர் படுத்தீர்கள்? பெட்டியில் எதை எடுத்துவந்தீர்கள், எதை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள்? இப்படிக் கேளுங்கள். றாத்தலைக் கிலோவாக்க வேண்டாம். பதிவு செய்யும்போது போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரம் போதும், வயதானவர்களுக்கு அதற்குமேல் களைப்பு.

பாம்பன் பகுதிக்குத்தான் புத்தகத்தில் அதிகப் பக்கம் ஒதுக்குவேன். மலையில் வளர்ந்த ஒரு பெண் கடற்கரைத் தொழிலைப் புதிதாகக் கற்றிருக்கிறார். பெரிய மீனை முதுகுப்பக்கம் கீறி, குடலும் செவுளும் எடுத்து, கழுவி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போட்டு ஒன்றிரண்டு நாள் தொட்டியில் ஊறவைத்துப் பிறகு வெயிலில் காயவைக்க வேண்டும். உப்பு குறைந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். வெறும் மணலில் போட்டால் மண் ஒட்டி விலை விழும். நெத்திலிக்கு உப்பே வேண்டியதில்லை. இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார், கூலி நாளுக்கா கூடைக்கா என்று அவரோடு வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாடு காயாது, பூஞ்சை பிடிக்கும், வேலையும் இருக்காது. அந்த இரண்டு மாதம் நான்கு பிள்ளைகளுக்கு எப்படி உலை வைத்தார்? அடகு வைத்தாரா, கடன் வாங்கினாரா, கரிமூட்டத்துக்குப் போனாரா? உங்கள் புத்தகத்தின் நடு அத்தியாயம் இதுதான்.

மாமாவும் பெரியம்மாவும் கடைசிவரை ஒத்துவராத இடங்களில் இரண்டு பேர் சொன்னதையும் அவரவர் பேரிலேயே போட்டுவிடுங்கள். அட்டைப்படம், தாள் கனம் எல்லாம் அச்சகத்துக்காரர் பார்த்துக்கொள்வார். கூடலூருக்கு மட்டும் இந்த மாதமே போய்விடுங்கள். ஆடி மழை தொடங்கிவிட்டால் அந்த மலைப்பாதையில் போய்வருவது சிரமம்.