தம்பியின் சூதாட்டக் கடனை நகையை விற்று அடைக்கலாமா?

கேள்வி: முக்கூடலில் இருக்கிறோம். அம்மா பீடி சுற்றுகிறார். 24 வயதுத் தம்பி செல்போன் ரம்மியில் ஆரம்பித்து, இப்போது டெலிகிராமில் வரும் லிங்க்கில், எந்த நிறம் வரும் என்று பணம் கட்டும் ‘கலர்’ விளையாட்டு ஆடுகிறான். மூன்று லட்சத்துக்கு மேல் கடன். அம்மா கணக்கிலிருந்தும் எடுத்திருக்கிறான். “இந்த ஒரு தடவை அடைச்சிருங்க, இனி தொட மாட்டேன்” என்று அழுகிறான். என் நகையை விற்றுக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி கையில் கொடுக்க வேண்டாம். அவன் அழுகை நடிப்பில்லை. ஆனாலும் மொத்தமாகப் பணம் வந்ததும், ‘இதில் பத்தாயிரத்தைப் போட்டு விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்று தோன்றிவிடும். சூதாட்ட அடிமைத்தனம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. விட்டதைப் பிடிக்கத் துரத்துவது அதன் முக்கியமான அறிகுறி.

என்னிடம் வந்த ஓர் இளைஞர் தன் யூபிஐ கணக்கைத் திறந்து காட்டினார். இரவு 11.42-க்கு 500. 11.44-க்கு 1,000. 11.45-க்கு 2,000. 11.47-க்கு 4,000. ஐந்து நிமிடத்தில் 7,500 ரூபாய். அதற்குமேல் ‘பேலன்ஸ் இல்லை’ என்று வந்ததால் நின்றிருக்கிறது. “அது வரலைன்னா விடிய விடிய போட்டிருப்பேன் சார்” என்றார்.

அந்த ‘பேலன்ஸ் இல்லை’யை இனி நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். அம்மா கணக்கோடு எந்த செல் நம்பர் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது பிள்ளையின் நம்பராகத்தான் இருக்கும். அதை மாற்றி, யூபிஐயை நிறுத்தச் சொல்லி, ஏடிஎம் கார்டையும் புதிதாக வாங்குங்கள். அம்மாவுக்கு பிஎஃப் இருந்தால் அதையும் கவனியுங்கள். ஓடிபி வரும் செல் யார் கையில் இருக்கிறதோ, அவர் ஆன்லைனிலேயே முன்பணத்துக்கு விண்ணப்பித்துவிட முடியும். தம்பி சம்பளத்தை அவன் சம்மதத்தோடு உங்கள் கணக்குக்கு மாற்றி, அன்றாடச் செலவுக்கு ரொக்கமாகக் கொடுங்கள்.

அப்புறம் கடன். ஒரு நோட்டில் யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்று அவனையே எழுத வையுங்கள். முதல் நாள் பட்டியல் முழுமையாக இருந்து நான் பார்த்ததில்லை, கீழே இடம் விட்டு வையுங்கள். கொடுத்தவரிடம் நீங்களே பேசி, தவணையாக நேரில் கட்டுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ல் வந்த தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு நாளிலோ புகார் கொடுக்கலாம். கடன் செயலிக்காரர்கள் போட்டோவைக் காட்டி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும், 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. பெரிய ரம்மி செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தியதும் அதே மாதம்தான். இப்போது லிங்க் அனுப்புகிறவர்கள் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர்கள். முதலில் ஐந்நூறு ஆயிரம் ஜெயிக்க விட்டு, எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகை சேர்ந்தபின் ‘வரி கட்டு’ என்பார்கள். அவன் வங்கிக் கணக்கை ‘வாடகைக்கு’ கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கணக்கு முடங்குவதோடு வழக்கும் வரலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடன் வீட்டுக்குத் தெரிய வந்த முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துப் பஞ்சாயத்து பேசாதீர்கள், அவனைத் தனியாக விடாதீர்கள். “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரவு எந்நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இல்லை என்று சொன்னாலும், இந்த வாரத்துக்குள் அங்கே மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

‘கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்’ என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு வருஷம் நோட்டுக் கணக்கு ஒழுங்காக ஓடட்டும். அதன்பின் பெண் பார்க்கப் போகும்போது, அந்த நோட்டைப் பெண் வீட்டாரிடமும் காட்டிவிடுங்கள்.