பழைய கணினியில் உள்ள கோப்புகளைப் புதியதற்கு மாற்ற எது நல்ல வழி?

300 ஜிபி அளவுக்குப் படங்களும் வீடியோக்களும் இருக்கின்றன, பென்டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், ஆனால் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதே பாதியில் மறந்துவிடும். வெளி ஹார்டுடிஸ்க்தான் சரி.

அதை யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் வேகம் நொடிக்கு 30, 40 எம்பிதான். இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். 3.0 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும்.

ஒரு பெரிய வீடியோவை மட்டும் டிஸ்க் ஏற்க மறுக்கிறதா? இடம் காலியாக இருந்தும் அப்படி வந்தால், டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவத்தில் இருக்கக்கூடும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு போகாது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு ஃபார்மட் செய்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யும். ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் இருந்தால் ஜிப் செய்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் ஊர்ந்துதான் போகும்.

மென்பொருள்களைக் காப்பி செய்து பயனில்லை. அவற்றின் அமைப்புகள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலும் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) சிதறிக் கிடக்கும் என்பதால், பெரும்பாலானவற்றைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

அப்புறம், பிரவுசர் புக்மார்க்குகள். நான் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இவற்றை மட்டும் கோட்டைவிட்டேன். முதலிலேயே எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். புதிய கணினியில் நாலைந்து கோப்புகளையாவது திறந்து பார்க்கும்வரை பழையதை அழிக்க வேண்டாம்.