கஞ்சிப்பாசிக்குத் தகடு உண்டா?

கேள்வி: கோடை வெயிலில் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியில் எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன என்று பார்க்கப் போகிறேன். மைக்ரோஅரே போதும், கணக்கு சுலபம் என்கிறார் சீனியர். ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்தான் வேண்டும் என்கிறார் வழிகாட்டி. எதைச் செய்வது?
- ஆய்வு மாணவி, தங்கச்சிமடம்

பதில்: மகளே, என் அம்மா பாம்பனில் முங்கிப் பாசி எடுத்தவர். அதனால் உன் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன்.

வழிகாட்டி சொல்வதே சரி. மைக்ரோஅரேயில் டி.என்.ஏ. துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் முன்கூட்டியே ஒட்டியிருப்பார்கள். இயங்கும் மரபணுவிலிருந்து வரும் நகல்தான் ஆர்.என்.ஏ. அதை சி.டி.என்.ஏ.வாக்கி, அதாவது டி.என்.ஏ. வடிவுக்கு மாற்றி, ஒளிரும் சாயம் ஏற்றி மேலே விட்டால், தனக்குப் பொருத்தமான துண்டில் போய் ஒட்டும். எவ்வளவு ஒளிர்கிறது என்று அளப்போம். 1995-ல் அரபிடாப்சிஸ் செடியின் 45 மரபணுக்களை ஸ்டான்ஃபோர்டில் இப்படித்தான் அளந்தார்கள். மீன் ஏலக்கரையில் சீலா, பாறை, நகரை என்று பெயரெழுதிய கூடைகளோடு நிற்பது போல இது. கூடை இல்லாத மீன் கணக்கில் வராது. கூடை நிரம்பிய பிறகு வந்ததும் தெரியாது. மனிதனுக்கும் நெல்லுக்கும் தகடு உண்டு. கஞ்சிப்பாசிக்குக் கடையில் கிடையாது. தனியாகச் செய்யச் சொன்னாலும் மரபணு வரிசை முதலில் தெரிய வேண்டும். அதற்கே சீக்வென்சிங் வேண்டுமே!

சீக்வென்சிங்கில் வலையில் விழுந்த ஒவ்வொரு ஆர்.என்.ஏ. துண்டையும் படித்து எண்ணுகிறோம். ஒப்பிட மரபணுத்தொகுதி இல்லாவிட்டாலும் டிரினிட்டி போன்ற மென்பொருள் துண்டுகளைக் கோத்துத் தரும். ஆனால் மொத்த ஆர்.என்.ஏ.வில் 80 சதவீதத்துக்கும் மேல், செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமுடையது. அதை விலக்காவிட்டால் வலை நிறைய சொறிமீன்தான். கணக்கு கடினம் என்பது உண்மை, பழகிக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை வேறு. முதல் ஆய்வுக்குப் பாசியை ஐஸ் பெட்டியில் வைத்து, மண்டபத்திலிருந்து பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் ஆர்.என்.ஏ. நொறுங்கியிருந்தது. ஒரு பருவமே வீண். நீ கரையிலேயே சுத்தமான கடல்நீரில் அலசி, ஒட்டியிருக்கும் சிறுபாசியை நீக்கி, உடனே திரவ நைட்ரஜனில் போடு. பாசியில் இருக்கும் அகார் என்ற கூழ்ப்பொருள் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்தே வந்து தொல்லை தரும், சி.டேப் என்ற வேதிப்பொருளைக் கொண்டு பிரிக்கும் முறையில் பிரித்துப் பார்.

வடகடலில் காலையிலும் தென்கடலில் உச்சிவெயிலிலும் எடுத்து ஒப்பிட்டுவிடாதே. நேரம் மாறினாலே மரபணு இயக்கம் மாறும். ஒரே கொத்தை மூன்றாகக் கிள்ளுவதும் கூடாது. வெயில் பட்டதில் மூன்று, படாததில் மூன்று, எல்லாம் தனித்தனிச் செடிகள், அதுதான் குறைந்தபட்சம். பணம் மிஞ்சினால் ஒவ்வொரு செடியிலும் இன்னும் அதிகத் துண்டுகளைப் படிக்கச் செலவிடாமல், செடிகளைக் கூட்டு.

எந்த வாரத்தில் பாசி வெளுக்கத் தொடங்கும் என்று பாசி எடுக்கும் அக்காமாரிடம் கேட்டுவிட்டு, கடலுக்குப் போகும் நாளைக் குறி.